நான் கூட்டிய அரை அங்குலம்

பாவா,

இன்று ஆடி ஐந்து. காலை ஆறு மணி இருபது நிமிடம். சிலிண்டர் நாலு, பிஸ்டன் வளையம் பன்னிரண்டு. அவற்றில் ஒடிந்து கிடப்பவை ஏழு.

உங்கள் கரி பஸ்ஸின் இஞ்சினைப் பிரித்துப் போட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். ஐப்பசியில் நீங்கள் போன பிறகு, ராசியில்லாத வண்டி என்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். தார்ப்பாயை இழுத்ததும் ஈரக்கரியும் பழைய எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. உங்கள் காக்கிச் சட்டையின் வாசனை.

நேற்று பஸ் முதலாளி வந்தார். "ஆடிக் கிருத்திகைக்கு வண்டி ஓடணும்பா. அதே பெரிய கிராங்கு இருக்கட்டும். நல்லா இழுத்துச்சே" என்றார். கிருத்திகைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. உங்களைக் கட்டிக்கொண்ட என் அக்கா கனகம்மாசத்திரத்தில் ஏறி, நீங்கள் ஓட்டிய இடத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து திருத்தணி வரை வரப் போகிறாளாம். உங்களைப் போலவே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல். அதைக் கேட்ட பிறகுதான் தார்ப்பாயை இழுத்தேன்.

யுத்தத்தில் பெட்ரோல் போய்க் கரிவாயு வந்தபோது நீங்கள் பட்ட பாடு நினைவிருக்கிறது. வண்டிக்குப் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு, பொதட்டூர்பேட்டை ரோட்டு மேட்டில் பாதியில் நின்றுவிடுவீர்கள். சனம் இறங்கித் தள்ளும். "இன்னா மச்சான், கிண்டி காலேஜிலே பட்சிட்டு வந்துகினு, இந்த எருமையை மேடு ஏத்த ஒரு வழி தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. பொறுமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

அதே கம்பெனியின் பழைய லாரி ஒன்றிலிருந்து, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் பெரிய கிராங்க் தண்டும் அதற்கான ராடுகளும் வாங்கி வந்தேன். சிலிண்டரின் அகலம் மாறவில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும், அதாவது ஸ்ட்ரோக், அரை அங்குலம் கூடியது. ஒவ்வொரு சுற்றிலும் இஞ்சின் கூடுதலாக வாயுவை இழுத்தது, இன்னும் இறுக்கி அழுத்தியது. மெதுவான ஓட்டத்திலேயே பலம் வந்தது. அன்று மேட்டில் யாரும் இறங்கவில்லை. நீங்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே ஏறினீர்கள், கல்யாண ஊர்வலம் போல.

எனக்கு அது போதவில்லை. புகையும் குறைந்தது என்று காட்ட, புகைக்குழாய் வாயில் பொதட்டூர்பேட்டை வெள்ளைத் துணியைக் கட்டினேன். முன்பு கறுத்த துணி இப்போது சாம்பல் நிறத்தோடு நின்றது. ஷெட்டில் எல்லாரிடமும் விரித்துக் காட்டினேன். துணி பொய் சொல்லவில்லை, பாவா. குழாயில் வந்த புகை குறைந்துதான் இருந்தது. நான் பார்த்த இடம்தான் தப்பு.

அதே சுற்றில் அதிக தூரம் ஓட வேண்டிய பிஸ்டன் அதிக வேகமாக ஓடும். ராடு சாய்வாக உதைக்கும், சுவர் தேயும். கரிச் சாம்பல் உள்ளே புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். வளையங்கள் தேய்ந்து ஒடிந்ததும் எரியாத கரிவாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கியது. எண்ணெய்ப் பெட்டியின் மூச்சுக்குழாய் வழியாக வெளியேறி, உங்கள் காலடிப் பலகை இடுக்கில் மேலே வந்தது. அதில் இருக்கும் நஞ்சுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. இதெல்லாம் என் நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்கு எழுதியது.

கிருத்திகைக்குக் கிருத்திகை, கூட்டம் ஏறி இஞ்சின் திணறும் நாளில், உங்கள் வண்டியில் சாமி வந்தது. முன் பெஞ்சில் ஒருத்தி ஆடி விழுவாள். விபூதி பூசுவார்கள், அரோகரா போடுவார்கள். வேறொருத்தன் வாந்தி எடுப்பான், பட்டினி மயக்கம் என்பார்கள். விரத நாளில் அதை யார் சந்தேகப்படுவார்கள்? நீங்கள் ஒருவர்தான் பட்டீர்கள்.

"மச்சான், முன் பெஞ்சுக்கு மட்டும் இன்னாத்துக்கு சாமி வருது? பின்னாடி குந்திகினு இருக்கிறவங்களும் பட்டினிதானே? எனக்கும் தலை கனமா இருக்குது."

நான் ஸ்பானரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "பட்டினி கிடந்தா தலை சுத்தாதா? நீங்க ஓட்டுங்க பாவா. இஞ்சினை நான் பாத்துக்கிறேன்."

"ஆங், நீ பட்ச்சவன்" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

அடுத்த கிருத்திகை அன்று கனகம்மாசத்திரத்தில் கொட்டுகிற மழை. பக்கத்துக் கித்தான் திரைகளை இறக்கிக் கட்டிவிட்டு ஆளுக்காக நின்றீர்கள். நிறுத்தினால் அடுப்பை மறுபடி ஊதிப் பற்றவைக்க வேண்டும் என்று இஞ்சினை ஓடவிட்டிருந்தீர்கள். சனமெல்லாம் எதிர்க்கடையில் ஒதுங்கியிருந்தது. மழை விட்டு வந்து பார்த்தபோது கைபிரேக்கை இழுத்துப் போட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று ஒருவர் ஹாரனை அடித்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது உங்கள் உதடு செக்கச்செவேல் என்று இருந்தது, வெற்றிலை போட்ட மாதிரி. "கிருத்திகையன்னிக்குப் பட்டினியோட போயிட்டாரு. மூஞ்சியிலே சாமி களை பாரு" என்றார்கள். விரத நாளில் நீங்கள் வெற்றிலையைத் தொடமாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். அந்த நஞ்சு ரத்தத்தில் ஏறினாலும் உதடு அப்படித்தான் சிவக்கும். அப்போதே நோட்டைப் புரட்டியிருக்க வேண்டும். புரட்டினால் என்ன இருக்கும் என்று தெரிந்ததால்தான் ஒன்பது மாதம் இந்தத் தார்ப்பாயைத் தொடவில்லை.

அக்கா அந்தக் களையை நம்பித்தான் எழுந்து நடமாடுகிறாள். "சாமி கூப்ட்டுகிச்சு, நாம இன்னா பண்றது" என்று என்னைத் தேற்றுகிறாள். என்னை!

இனி நான் செய்யப் போவது:

1. அந்தப் பெரிய கிராங்க்கைக் கழற்றி ரம்பத்தால் இரண்டாக அறுப்பது. அறுத்த பிறகுதான் முதலாளியிடம் சொல்வது. முன்னால் சொன்னால் விடமாட்டார்.

2. பழைய கிராங்க், புது வளையங்கள். வளையம் கிடைக்காவிட்டால் கிருத்திகைக்கு வண்டி ஓடாது. ஓடினால் மேட்டில் நிற்கும். சனம் இறங்கித் தள்ளட்டும்.

3. மூச்சுக்குழாயை வண்டியின் பின்பக்கம் வரை நீட்டுவது. காலடிப் பலகை இடுக்குகளைத் தகரம் வைத்து அடைப்பது. முன்பக்கக் கித்தான்களை அறுத்து எறிவது.

4. ஒடிந்த வளையம் ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை அக்கா கையில் கொடுத்து, நீங்கள் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்வது. அவள் கதவைச் சாத்தினால் வாசலில் நின்றாவது சொல்வது.

நாலாவதை முதலில் செய்கிறேன், பாவா. கை கழுவிவிட்டுக் கிளம்புகிறேன்.