ஜன்னல் முறை

என் அருமைச் சண்டைக்காரிக்கு,

நீ விரட்டிய மாதிரியே தீவுச் சுற்றுலாவுக்குத் தனியாகப் போய்வந்தேன். உன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலாம்தான்.

பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு. செங்குத்துப் பாறைகள், கீழே நுரை, கால் வைக்கவே இடமில்லாத விளிம்பில் ஆடுகள். பாதி வழியில் கலங்கரை விளக்கம் வந்ததும், பாதி வழி எனக்கு, மீதி உனக்கு என்ற நம் வழக்கப்படி எழுந்து உனக்கு ஜன்னலை விட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

ஆனாலும் திரும்ப அங்கே உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார், அழகான பக்கமே இனிமேதான். கண்ணைத் திறங்க!" என்றாள் வழிகாட்டிப் பெண்.

"இது என் வீட்டுக்காரி முறைம்மா."

நாளைக்கு டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். மீதித் தீவை நான் பார்க்கவில்லை. நீ வந்து பார்த்துத்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

உன் பக்கத்து சீட்டுக்காரன்