நாற்காலியில் ஹூஸ்டன் வரை

தி.நகர்,
கடையிலிருந்து.

அன்பு மகள் ப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலமாயிருக்கத் திருச்செந்தூரான் துணையிருக்கட்டும். நான் நலம், அம்மாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை, அப்படி எழுத முடியாததால்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் நின்று பிடுங்கிக்கொள்வாள், வாட்ஸ்அப்பில் போட்டால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். அதனால் காகிதத்தில் எழுதி, எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை ஜவஹரை அவர் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதிலையும் அவர் நம்பருக்கே போடு.

போன வருஷம் அம்மாவுக்குக் காலில் ரத்தம் கட்டியது உனக்குத் தெரியும். அதனால் உன் பிரசவத்துக்கு டிக்கெட் போடும் முன் டாக்டரம்மாவிடம் கேட்டோம். ஹூஸ்டன் பதினைந்தாயிரம் கிலோமீட்டர், துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கிருந்து பதினாறு மணி நேரம் ஒரே இருக்கை என்று நான் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேண்டவே வேண்டாம், அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறினால் ஆகாயத்தில் யார் என்ன செய்ய முடியும் என்றார். உன் அம்மா அங்கே நன்றாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும் என்மேல் பாய்ந்தாள். தலைப்பிரசவம்தான் தாய்வீட்டில் நடக்கவில்லை, தாய்கூடவா பக்கத்தில் இருக்கக் கூடாது என்கிறாள். பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் இடித்துப் பெட்டியில் வைத்தாயிற்று.

போன செவ்வாய் நான் கடைக்குக் கிளம்பியதும் அவள் செய்த கூத்தைக் கேள். சாப்பாட்டு மேஜை நாற்காலியைச் சுவரோரம் நெருக்கிப் போட்டு, இடுப்பில் என் துண்டை பெல்ட் மாதிரி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பதினாறு மணி நேரம் தாங்கிக் காட்டினால் டாக்டர் வாயை அடைத்துவிடலாமாம். இட்லியும் அங்கேயே, எழுந்தது ஒரே தரம்தானாம். நான் கடையடைத்து வந்தபோது இன்னும் இரண்டு மணி நேரம்தான் பாக்கி என்று பெருமையாகச் சிரித்தாள், எழுந்தால் கால் ஊன்றவில்லை. இடது கால் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. எண்ணெய்க்கும் அசையவில்லை, சோப்புக்கும் அசையவில்லை. மறுநாள் நம் நகைக்கடைப் பட்டறை ஆசாரிதான் அறுத்து எடுத்தார். கல்யாணத்தன்று நான் போட்ட மெட்டி அது. வலிக்கு அழாதவள் அதற்கு அழுதாள். புள்ளைகிட்ட சொல்லிராதீங்க, பயந்துரும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கேனில் மறுபடி ரத்தம் கட்டியிருப்பது தெரிந்து தினமும் ஊசி போடுகிறார்கள். அப்படியும் வீக்கம் வடிந்ததும் புறப்படலாம் என்றுதான் பேச்சு. எனக்குப் பயமாக இருக்கிறது ப்ரியா.

நான் சொன்னால் சண்டை, டாக்டர் சொன்னால் அலட்சியம். நீ சொன்னால்தான் நிற்பாள். வராதே அம்மா என்று நீயே சொல்ல வேண்டும். மாப்பிள்ளை லீவு போடுகிறார், வேலைக்கு ஆள் வைத்தாயிற்று, நீ வந்தால் எனக்குத்தான் தொந்தரவு என்று கொஞ்சம் முகத்தில் அடித்த மாதிரியே சொல். அவள் மனசு உடையும், உடைந்தால் உடையட்டும், ஆள் இருப்பாள். அந்த நேரத்தில் உனக்கு அவள் கை வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் உன்னிடம் போய் இதைக் கேட்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். நோய் நொடியில்லாமல் பெற்றெடுத்து மாப்பிள்ளையோடும் குழந்தையோடும் நிறைவாக வாழ அப்பாவின் ஆசி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மாவிடம் அதைச் சொல்லும்போது அழுதுவிடாதே. உன் குரல் கொஞ்சம் கம்மினால் போதும், அவள் விமானம் ஏறிவிடுவாள்.

உன் அப்பா,
சீ. இசக்கிமுத்து