நம் கதவு

அடோமாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் பொறுமை இன்று எனக்கில்லை. வீட்டுக்காரர் ஒபெங் வாடகையை இரட்டிப்பாக்கி, இரண்டு வருட வாடகையை முன்பணமாகவும் கேட்டார். அவகாசம் கேட்டேன். இன்று காலை ஆள் வைத்து நம் அறைக் கதவைக் கழற்றிவிட்டார்.

"கதவில்லாத வீட்டுல குடும்பம் நடத்திப் பாரு" என்று சிரித்தார்.

"வீடு உங்களுது. கதவு என் புருஷன் செஞ்சது. நாங்க குடிவந்தப்ப இங்க வெறும் ஓட்டைதான் இருந்துச்சு" என்றேன். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கதவைத் தலையில் சுமந்து, சுன்யானி கடைத்தெரு வழியாக அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அடோமா இப்போது அதன்மேல்தான் தூங்குகிறாள்.

நீங்கள் பணம் அனுப்பாததைப் பற்றி எழுதமாட்டேன். அக்ராவில் ஊரார் வீட்டுக்கெல்லாம் கதவு செய்தது போதும். நம்மிடம் கதவு இருக்கிறது. அதை மாட்ட ஒரு வீடு பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா