புல்லை நிறுத்தின சேட்டு

புனே

தாப்பு, நீயும் அம்மாவும் சுகம்தானே? அவங்க முட்டிவலி தேவலையா?

எனக்குத்தான் ஆத்திரம் அடங்கல. கண்காட்சியில குதிரைக்குத் தொந்தி தெரியக் கூடாதாம்! நாலு நாளா நான் பாத்துக்கிற குதிரை ரேஷ்மிக்குப் புல்லை நிறுத்திட்டு, வெறும் கொள்ளும் நெய்யும் கொடுக்க வெச்சார் எங்க சேட்டு.

“சேட்ஜி, நார் இல்லாம குடல் ஓடாது”ன்னேன்.

“குதிரை தேய்க்கிறவன் எனக்குப் பாடம் எடுக்கிறியா?”ன்னார்.

பசியில லாயத்துக் கதவையே கொறிச்சா. நேத்து வயிறு கட்டிக்கிட்டு விழுந்து புரண்டா. டாக்டர் மருந்து கொடுத்ததும், சாயங்காலம்வரை அவளை நடக்க வெச்சேன். என் தோள்ல ஒரு உதை விட்டா, பெருசா ஒண்ணுமில்ல. கடைசியா லத்தி போட்டா. அப்பதான் வந்த சேட்டு, “வயிறு எப்படி ஒட்டியிருக்கு பாரு!”ங்கிறார். பாவி!

இனி திருட்டுத்தனமாத்தான் புல் போடணும். மறைச்சுக் கட்டிட்டுப் போக உன் பழைய முக்காட்டுத் துணி ஒண்ணு அனுப்பு. துவைக்காம அனுப்பு.

உன் புருஷன் ஜேட்டாராம்