தூக்குச்சட்டி இல்லாமல் வேலைக்குப் போனவர்

ஜெயங்கொண்டம்
12.8.2003

அன்புள்ள பிரேம்குமாருக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நலம். பூனாவில் நீயும் வளர்மதியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், அங்கே மழை அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், குழந்தையை ஈரத்தில் விடாதீர்கள்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது என்னிடம் ஒன்று கேட்டாய். உனக்குக் கீழே வேலை பார்க்கும் ராஜேஷ் இரண்டு வருடம் ஒழுங்காக இருந்துவிட்டு இப்போது மெஷினில் பீஸ் பீஸாகக் கெடுக்கிறான், வீட்டில் ஏதோ தகராறாம் என்று சொல்லிவிட்டு, "வூட்டுப் பிரச்சினைய வூட்டுலயே வச்சுட்டு வர வேண்டியதுதானப்பா, சம்பளம் வாங்குறான்ல?" என்றாய். அன்று எனக்கும் அது சரியென்றே பட்டது. இந்த மாதக் கடைசியில் அவனை நிறுத்தப் போவதாகப் போனில் சொன்னாய், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

நம் மாப்பிள்ளை நல்லதம்பிக்கு நடந்ததைப் போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அம்மா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். படுக்கையில் விழுந்த மாமியாரை என் ஒருத்தியால் பார்க்க முடியாது என்று கோபித்துக்கொண்டு உன் தங்கை பரிமளா நம் வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். நான்கு மாதமாக விக்கிரமங்கலத்தில் மாப்பிள்ளை தனியாளாகத் தாய்க்குக் கஞ்சி வைத்து, துணி அலசி, அதற்குப் பிறகு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போய் டிப்பர் ஓட்டியிருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை வண்டியைப் பின்னால் எடுத்தபோது, நிற்கச் சொல்லி, கூட வேலை பார்க்கும் மதுரைவீரன் கை காட்டியதை அவர் பார்க்கவில்லை. மதுரைவீரனுக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சக்கரம் ஏறிய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையை சஸ்பெண்ட் செய்து, போலீசிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே வந்திருந்த போர்மேன், "நாலு மாசமாவே ஆளு ஒரு மாதிரிதான் சார் இருந்தாரு. ரெண்டு வாட்டி மெமோ குடுத்தோம். தண்ணி போடுறாருன்னு நெனச்சு கேட்ல வாயை மோந்து பாத்தோம். வாசம் வரல, உள்ள வுட்டுட்டோம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, கண் கலங்கித்தான் சொன்னார். சுரங்கத்தில் வெடி வைப்பதால் கேட்டில் தீப்பெட்டிக்குப் பையைத் தடவுகிறார்கள், சாராயத்துக்கு வாயை மோந்து பார்க்கிறார்கள், அதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. மதுரைவீரன் மனைவி மலர்க்கொடி என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "அவரு கையில தூக்குச்சட்டி இல்லாமத்தான் சார் வேலைக்கு வருவாரு. எங்க வூட்டுக்காரருதான் தன் சோத்துல பாதியக் குடுப்பாரு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் நான் கட்டிவுட்டேன். உங்க பொண்ணு அங்க நல்லா சாப்புடுதா?" என்று கேட்டாள். வாங்கிப் போன பழத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன மறுநாள் பரிமளா தானாகவே விக்கிரமங்கலம் போய்விட்டாள். அவளுடைய சீர்ப் பாத்திரங்களோடு போன தூக்குச்சட்டி, அவள் கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே தூசி படிந்து இருந்ததாம். "நான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னு அவரு வேலை செய்யிற எடத்துல யாருகிட்டயும் சொல்லவே இல்லப்பா, மதுரைவீரன் அண்ணனத் தவிர" என்று போனில் அழுதாள்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாராவது கூப்பிட்டால் எனக்கு வரி கீழே சரிந்துவிடும். முப்பது வருடம் எழுதிய கைதான், ஆனாலும் சரியும். வீட்டில் ஒரு கவலை இருப்பவனை அப்படி நாள் முழுதும் ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நீ சரிந்த வரியைத்தான் பார்க்கிறாய். ராஜேஷ் சோம்பேறியாகவும் இருக்கலாம், அது எனக்குத் தெரியாது. உனக்கும் இன்னும் தெரியாது.

உனக்கும் வளர்மதிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். வளர்மதியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இன்னொன்றை மறக்காதே: இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் மதியம் உன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் ராஜேஷுக்குப் பக்கத்தில் உட்கார். வேலையைப் பற்றிப் பேசாதே. அவன் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறானா என்று முதலில் பார்.

உன் அப்பா,
குழந்தைவேல்