சப்பாத்தில் தண்ணீர் இல்லை

வைகாசி 20, செவ்வாய்

தூறல். ஓடைக்குக் குறுக்கே நட்ட இரும்புக் கம்பங்களுக்கு இன்றைக்குப் பரீட்சை. வெள்ளத்தில் வரும் மரம், கீழே ஜீப்பு கடக்கிற தரைப்பாலச் சப்பாத்தில் வந்து மோதாமல் மேலேயே நிற்குமா என்று. சிவப்புப் பெயின்ட் அடித்த கட்டைகளை உச்சியிலிருந்து உருட்டிவிட்டோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. இஞ்சினியர் தம்பிக்கு வாயெல்லாம் பல்.

"இதே மாதிரி ஒரு பொண்ணையும் பிடிச்சு நிறுத்துங்க தம்பி" என்றேன். காது சிவந்துவிட்டது.

நாளை அவர் மதுரை போகிறார். கம்பத்தைப் பார்த்துக்கொள்வது என் சோலி. ஊர்ப்பக்கக் கரையில் தகரக் கொட்டகை, ஒரு ஸ்டூல். மகாராணி.

21, புதன்

நல்ல மழை. ஏலத்தோட்டத்தில் நிழல் மரத்துக்குக் கிளை கழிக்கிறார்கள். வெட்டிய கொப்பை வழக்கமாகத் தோட்டத்து ஓரம் அடுக்குவார்கள். இன்றைக்கு எல்லாம் ஓடையில். கங்காணியைக் கேட்டேன்.

"அதான் கம்பம் பிடிச்சுக்கிருமே பேச்சி. பெறகு எதுக்குச் செமக்கணும்?"

"அப்ப உம்ம சம்சாரத்தையும் தள்ளிவிடும். பிடிக்குதான்னு பாப்போம்."

சிரித்தார்கள். கொப்பு வந்துகொண்டே இருந்தது. கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் போக இருந்த சந்தெல்லாம் இலையும் சகதியும்.

வாங்க: புளி, தீப்பெட்டி, செல்விக்கு ரிப்பன்.

22, வியாழன்

விடாத மழை. கம்பத்துக்கு மேல்பக்கம் கண்மாய் மாதிரி தண்ணீர். கறுப்பு. தம்பிக்குப் போன் போட்டால் டவர் இல்லை.

காலையில் கொழுந்தன் முருகேசன் ஜீப்பு, தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு. மழை கொட்டுகிறது, சப்பாத்தில் ஓடைத் தண்ணீர் சொட்டு இல்லை. அவனுக்குக் கொண்டாட்டம்.

"பாருங்க மதனி, டயரு நனையாமப் போறேன்."

"வேண்டாம் அப்பு. மேல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. எல்லாரும் எறங்குங்க."

"நேத்து டயரு பஞ்சர்ன்னீங்க. முந்தாநாள் பின்னால போலீசுன்னீங்க."

ஜீப்பு முழுக்கச் சிரிப்பு. பின்சீட்டில் என் மகள் செல்வி சிரித்ததுதான் பெரிய சிரிப்பு. போய்விட்டார்கள்.

மதியம். சப்பாத்தில் ஒரு நாய் குறுக்கே போகிறது, கால் நனையாமல்.

சாயங்காலம். நடுக் கம்பம் சாய்ந்திருக்கிறது. முனகுகிற மாதிரி சத்தம். ஜீப்பு தோட்டத்திலிருந்து இறங்குகிற நேரம். இங்கேயே நின்று கையை ஆட்டினால் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு வருவான். கத்தினால் மழையில் கேட்காது. அந்தக் கரைக்குப் போய் ரோட்டில் குறுக்கே படுத்துவிட வேண்டியதுதான். சிரிக்கட்டும்.

அந்தக் கரைக்குச் சப்பாத்து வழியாகத்தான் போகணும்.

ஹாரன் இன்னும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டேன்.