வயிரவன் குடிக்காத கஞ்சி

நலம் பெருகுக. நீர் வற்றாத ஏரிகளும் நெல் குறையாத களஞ்சியங்களும் உடைய செங்கழனி நாட்டை ஆள்பவரும், ஏழு துறைகளுக்கும் பதினெட்டு மலைக்கோட்டைகளுக்கும் தலைவியும், தென்கரை வென்றவருமாகிய கோப்பெருந்தேவி ஏழிசைநாச்சியார், நீராழி மாடத்துக் கீழைக்கூடத்தில் எழுந்தருளியிருந்து திருவாய் மலர்ந்தபடி, திருமுக ஓலை எழுதும் அம்பலவன் கூத்தன் எழுத்து. முத்தலைத்துறையின் தலைவரும், சுறாக்கொடி உடையவரும், கோற்பந்து அவையின் முதல்வருமாகிய சாத்தன் கண்டனார் இதனைக் கண்டு, எழுந்து நின்று, தம் அவையோர் அனைவரும் கேட்கும்படி உரக்க வாசிப்பிக்கக் கடவர்.

தங்கள் துறையில் கலங்கள் கரைசேர்க. வலைகள் நிறைக. தங்கள் மனையில் விளக்கு அணையாதிருக்க. இவ்வாறு வாழ்த்துவது முறை. முறையை மீறலாகாது என்பதால் வாழ்த்தியாயிற்று. இதற்குமேல் தங்கள் செவிக்கு இனிக்கும் சொல் எதுவும் இவ்வோலையில் இல்லை.

மாசித் திங்கள் ஒன்பதாம் நாள் தங்கள் தூதர் கொணர்ந்த ஓலைக்கட்டு தேவியார் திருமுன் வைக்கப்பட்டது. அதில் தாங்கள் மூன்று வேண்டியிருந்தீர்கள். தங்கள் சுறாவணியின் கோல்வீரரும், விண்ணெறி என்று நாடே கொண்டாடுபவருமாகிய வயிரவர் மாசற்றவர் என்று அரண்மனை பறையறைவிக்க வேண்டும் என்பது முதலாவது. அவரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கள் அணியிலேயே நிறுத்திக்கொள்ளத் தாங்கள் எழுதிய உடன்படிக்கைக்கு அரச இலச்சினை வேண்டும் என்பது இரண்டாவது. அவருக்கு, ஆடுவோர் உண்ணலாகாத, கைவலு கூட்டும் ஏறுமருந்து கலந்து கொடுத்ததாகச் சிறையில் இருக்கும் மடைப்பள்ளிப் பெண் சடைச்சியை வட எல்லைக்கு அப்பால் துரத்திவிட வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருந்தீர்கள். கேட்ட துணிவை மெச்சத்தான் வேண்டும்.

நடந்ததைத் தங்கள் அவையோரில் அறியாதவர் இருக்கக்கூடும் என்பதால் எழுதப்படுகிறது. ஆட்டம் முடிந்ததும் ஆடியவர் நெற்றி வியர்வையை அரண்மனை மருத்துவர் மஞ்சள் துணியால் ஒற்றுவதும், ஏறுமருந்து உண்டவர் வியர்வை பட்டால் அத்துணி சிவப்பதும் நாடறிந்தவை. சென்ற புரட்டாசியில் நடந்த நிறைவாட்டத்தில் வயிரவர் அடித்த பந்து நான்கு எல்லைக்கற்களையும் கடந்து, மதிலையும் கடந்து, கொடிமரத்துக்கு அப்பால் தாமரைக் குளத்தில் விழுந்தது. அன்று மாலை அவர் துணி சிவந்தது. தாங்கள் முதல்வராக இருக்கும் கோற்பந்து அவை அவரை எண்பது நாள் ஆடலாகாது என்று விலக்கியது. அந்த எண்பது நாளும் ஐப்பசி முதல் தேதியில் தொடங்கி மார்கழியில் முடிந்தன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஆடுகளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பது பந்தைத் தொட்டறியாதவருக்கும் தெரியும். தைப்பூசத்தன்று நடந்த முதல் ஆட்டத்திலேயே வயிரவர் கோலேந்தி நின்றார். தண்டனை பெற்றவர் ஓர் ஆட்டத்தைக்கூட இழக்கவில்லை. மழையில் தவளைகள்கூட ஆடாத களத்திலிருந்து ஒருவரை விலக்கிவிட்டு, நீதி செலுத்தினோம் என்று நெஞ்சு நிமிர்த்தியது தங்கள் அவை.

அந்தப் புரட்டாசி நாளில் தேவியாரும் களத்தில் இருந்தார். பந்து மதிலைத் தாண்டியபோது அரசி என்பதை மறந்து எழுந்து நின்று கூவினார். தொண்டை கட்டிப்போய் இரண்டு நாள் அவையில் சைகையால் பேசினார். தம் தந்தையார் காலத்துப் பொற்கோலைத் தம் கையாலேயே வயிரவருக்கு அளித்தார். ஆகவே துணி சிவந்தது என்று மருத்துவர் வந்து சொன்னபோது, அது பொய்யாக இருக்க வேண்டுமே என்றுதான் தேவியார் மனம் தவித்தது. மறுநாளே தங்கள் ஓலை வந்தது. வயிரவர் அறியாமல் சடைச்சி என்பவள் கஞ்சியில் மருந்து கலந்தாள் என்றும், எதிரணியார் தூண்டுதல் என்றும், அவளைக் காவலில் வைக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. தேவியார் முதல் ஏட்டை மட்டும் பார்த்தார். நம்ப விரும்பியதை நம்பினார். யானை புறப்பட நின்றிருந்தது. இலச்சினை மோதிரத்தை அழுத்திவிட்டுப் போய்விட்டார். ஐந்து திங்கள் ஒரு பெண் இருட்டறையில் கிடந்தது அந்த ஓர் அழுத்தலால்தான். இதைத் தேவியாரே எழுதச் சொன்னார். எழுதத் தயங்கிய என்னைக் கடிந்தும் கொண்டார்.

இனித் தங்கள் ஓலைக்கட்டைப் பற்றி. நிலமோ நீரோ கைமாறும் உடன்படிக்கை எதுவாயினும், அது தொடர்பான ஏடுகள் அனைத்தும் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டு அரண்மனைக்கு வர வேண்டும். ஓர் ஏட்டையும் உருவலாகாது, கயிற்றில் முடிச்சு இரண்டாகலாகாது என்பது இந்நாட்டின் பழைய வழக்கம். தங்கள் துறையின் எழுத்தர் இவ்வழக்கத்தை எழுத்துப் பிசகாமல் காத்திருக்கிறார். காட்டத் தகுந்த ஏடுகளோடு, தங்கள் பேழையில் பூட்டிவைத்திருக்க வேண்டிய ஓர் ஏட்டையும் சேர்த்துக் கோத்து அனுப்பிவிட்டார். புரட்டாசியில் சூடு கண்ட தேவியார் இம்முறை ஏடு ஏடாக, வரி வரியாக, தாமே வாசித்தார். எட்டு ஏடுகள் வரை வயிரவருக்குத் தாங்கள் அள்ளிக் கொடுத்தவை. மூன்று ஊர்கள், செவ்வல்லி ஏரியின் நீர் முழுதும், ஏழு நிலை மாளிகை, இரண்டு யானை. ஒரு மனிதர் பந்தடிப்பதற்கு ஓர் ஏரி என்றால், அந்த ஏரியை நம்பி நாற்று நட்டவர்கள் எதை அடிப்பது என்று தேவியார் கேட்டார்.

ஒன்பதாம் ஏடு வந்தது. அதில் இருப்பதை அப்படியே எடுத்தெழுதுகிறோம். “வயிரவரின் துணி எப்போதேனும் சிவக்குமாயின், அக்காலத்து அணியின் மடைப்பள்ளியில் கஞ்சி காய்ச்சுபவள் எவளோ அவளே அதற்குப் பொறுப்பாவாள். வயிரவருக்கு உரியவற்றில் எதுவும் குறையாது.” கீழே தங்கள் சுறா முத்திரை. அதன் கீழே வயிரவர் தம் கையால் கீறிய கையெழுத்து. நாள், ஆனித் திங்கள் இருபத்திரண்டு.

துணி சிவந்தது புரட்டாசியில். ஏடு எழுதப்பட்டது ஆனியில். சடைச்சி தங்கள் மடைப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தது ஆவணியில். அவள் அடுப்பு மூட்டும் முன்னரே அவள் குற்றம் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தீர்கள்.

சாத்தன் கண்டனாரே, தேவியார் சினந்து இந்தக் கூடம் பலமுறை கண்டிருக்கிறது. போர்முனையில் படைத்தலைவர் பின்வாங்கியபோது கண்டிருக்கிறது. அந்த ஏட்டை வாசித்த பின் தேவியார் சினக்கவில்லை, அதிலிருந்த தேதியை விரலால் தொட்டு மறுபடி வாசித்தார். அதுதான் எங்களை நடுக்கியது. பிறகு எழுந்து, காவலரை அனுப்பாமல், தாமே சிறைக்கு நடந்தார். மருந்தில்லாமலும் மதிலைத் தாண்டி அடிக்கக்கூடியவர் வயிரவர் என்றும், தாண்டும் தூரம் போதாதென்று ஓர் ஏழையின் முதுகில் ஏறி நின்று அடித்தார் என்றும் வழியில் சொன்னார். அப்போது தேவியார் கண் கலங்கியிருந்தது. அவர் விரும்பிய ஆட்டம் அது.

சடைச்சி சொன்னதை அவள் வாய்மொழியிலேயே எழுத வேண்டும் என்பது கட்டளை. அவள் சொன்னது இது. “கஞ்சியில சுக்கு, சீரகம், கல்லுப்பு. அவ்வளவுதான் தாயே. அதையும் அவரு குடிச்சாத்தானே! வந்த புதுசுல நாலு நாளு குடிச்சாரு. அப்புறம் கொண்டுபோன சட்டி அப்படியே திரும்பி வரும். அந்தப் பெரிய ஆட்டத்தன்னிக்கும் வாய் வைக்கல. மிச்சக் கஞ்சியை நாங்கதான் பங்கு போட்டுக் குடிச்சோம். எங்க துணி எதுவும் செவக்கலையே.” இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று தேவியார் வினவினார். “யாரு கேட்டாங்க?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றே, அந்த வாசலிலேயே, அவள் விடுவிக்கப்பட்டாள்.

ஆகவே தேவியார் கட்டளை பின்வருமாறு. தாங்கள் கேட்ட இலச்சினை கிடையாது. ஒன்பது ஏடுகளும் அவிழ்க்கப்படாமல் அரண்மனையிலேயே இருக்கும். பின்னால் வரும் துறைத்தலைவர்கள் வாசித்துப் பார்க்கட்டும். செவ்வல்லி ஏரியின் மதகைத் தங்கள் ஆட்கள் இனித் தொடலாகாது. வயிரவருக்கு எண்பது நாள் விலக்கு என்று விதித்தீர்கள் அல்லவா, அந்த எண்பதும் இன்றுமுதல் மீண்டும் தொடங்குகிறது. இம்முறை எண்ணப்படுவன நாள்கள் அல்ல, ஆட்டங்கள். ஆண்டுக்கு இருபது ஆட்டம் ஆடும் நாட்டில் அது முடியும்போது அவர் முழங்கால் எப்படி இருக்கும் என்பதை அவர் தமக்கு மருந்து கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். இனி எந்த அணியும் மழைக்காலத்தில் தண்டனையைக் கழிக்கலாகாது. பொற்கோல் இந்த ஓலை கண்ட மறுநாள் அரண்மனைக்குத் திரும்ப வேண்டும்.

கோற்பந்து அவைக்குத் தாங்கள் இனி முதல்வர் அல்லர். அந்த ஒன்பதாம் ஏட்டைக் கோத்து அனுப்பிய எழுத்தர்மீது தங்கள் நிழல்கூட விழலாகாது. அவர் தலையில் ஒரு மயிர் குறைந்தது என்று கேள்விப்பட்டாலும் தேவியார் அடுத்து ஓலை அனுப்ப மாட்டார், நேரில் வருவார். பங்குனி உத்திரத்தன்று பேராட்டம் தொடங்கும் முன், தங்கள் துறையின் நிறைந்த களத்தின் நடுவில் தாங்கள் நின்று, பறையறைவோனை விட்டுச் சொல்லாமல் தங்கள் சொந்தக் குரலில், சடைச்சி குற்றமற்றவள் என்றும் பழியைப் புனைந்தவர் தாங்களே என்றும் சொல்லக் கடவீர். அதே நாளில் தலைநகர்க் களத்தில், வாசிக்காமல் இலச்சினையிட்டவர் தாமே என்று தேவியாரும் சொல்வார். வேண்டாம் என்று அமைச்சர்கள் மன்றாடினார்கள். தேவியார் கேட்கவில்லை.

இவ்வளவும் எழுதி, மெழுகு உருக்கி வைத்தாயிற்று. ஆனால் தேவியார் மோதிரத்தைக் கழற்றவில்லை. இலச்சினை இடப்படும் முன் ஓலை முழுவதும் சடைச்சிக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்றார். கூடத்தில் அவளுக்கு இருக்கை இடப்பட்டது; அவள் நின்றுகொண்டே கேட்டாள். நான் முதல் ஏட்டிலிருந்து வாசித்தேன். தங்கள் பட்டங்கள், தேவியார் பட்டங்கள், ஏரி, யானை, எண்பது ஆட்டம் எல்லாம் கேட்டு முடித்தாள். முத்தலைத்துறை மடைப்பள்ளிக்கே மதிப்போடு திரும்ப விருப்பமா என்று தேவியார் கேட்டதற்கு, அந்த அடுப்பின் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்று சொன்னாள். வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு நிலமோ பொன்னோ கேட்கவில்லை. சற்று நேரம் விரலால் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள். “எல்லாம் எழுதியிருக்கீங்க தாயே. என் கஞ்சியைப் பத்தித்தான் ஒண்ணும் எழுதல. ஊரெல்லாம் அதைத்தானே வெசக்கஞ்சின்னு சொல்லுது. எம்மவ காய்ச்சினாலும் நாளைக்கு யாரும் வாங்கிக் குடிக்க மாட்டாங்க. அதை மட்டும் எழுதிடுங்க.”

தேவியார் திருமுன் அவள் காய்ச்ச, அரண்மனை அடுப்பில் இன்று காலை கஞ்சி வெந்தது. தேவியார் ஒரு கலம் குடித்தார். அமைச்சர் எழுவரும் குடித்தனர். இதை எழுதுகிற நானும் குடித்தேன். மஞ்சள் துணி கொண்டு எங்கள் நெற்றியை ஒற்றுமாறு தேவியாரே மருத்துவரைப் பணித்தார். துணி மஞ்சளாகவே இருந்தது. அத்துணியால் சுற்றியே இவ்வோலை தங்களுக்கு அனுப்பப்படுகிறது, பிரிக்கும்போது பார்த்துக்கொள்க.

ஆகவே செங்கழனி நாடு முழுவதும் அறிய, தேவியார் ஆணைப்படி எழுதப்படுகிறது: சடைச்சி காய்ச்சிய கஞ்சியில் குற்றமில்லை.

இவ்வாறு சடைச்சி கேட்டு, சரி என்று சொன்ன பின், கோப்பெருந்தேவி ஏழிசைநாச்சியார் இலச்சினை.